ராகுகாலத்துக்கு முந்தின ரயில்

இல்லண்ணன், ஹோன் அடிச்சா ரயில் நேரத்துக்கு முதலே வெள்ளணவா வரப்போகுது? டிரைவரக் கைய எடுக்கச் சொல்லுங்க. நீங்க இஞ்சால வாங்க, இந்தக் குடில் நிழலுக்க நில்லுங்க. கேட் பூட்டினாப் பூட்டினதுதான். மந்திரி வந்து நிண்டாலும் இந்த மூங்கிலத் தூக்க மாட்டன்.

அட, பட்டு வேட்டி, வேனுக்குள்ள பூத்தட்டு, வாழைப்பழக் குலை. பொண்ணு பாக்கப் போறீங்களா? மாப்பிள்ளை நீங்கதானா? வேர்வையப் பாத்தே நினைச்சன். பத்தரைக்கு முதல் பொண்ணு வீட்டுக்க கால் வைக்கோணுமா? ஓம், இண்டைக்கு வெள்ளி, பத்தரைக்கு ராகுகாலம் துடங்கிரும். அதுக்குப் பிறகெண்டா அம்மா வேனத் திருப்பிருவாவா? பின்சீற்றுல இரிக்கிறவதானே? முகத்தப் பாத்தாலே தெரியிது, திருப்பித்தான் போடுவா. பயப்படாதீங்க, இப்பதான் பத்தாகுது. ஆலடியில கிறுகித் திரும்பினா மூண்டாவது வீடெண்டா அஞ்சு நிமிசம்தான்.

ரயில் எவடத்த வருகுதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? கொழும்புப் பக்கமெண்டா சிக்னலுக்குக் கலர் லைட்டு. மின்சார ரயில் வருகுது வருகுதெண்டு நான் பிறக்க முதலே சொன்னவங்களாம். நான் பிறந்து, ஓ.எல். சோதினையில ரெண்டு தரம் விழுந்து, கேட்டுல வேலைக்கும் வந்திட்டன். அது இன்னும் வந்துகொண்டுதான் இரிக்கி. எங்கட பக்கம் இப்பவும் கைகாட்டிதான். கை நீட்டினா நில்லு, இறக்கினா வா. ரயில்வேட பழைய சட்டப் புத்தகம் ஒண்டு இந்தக் குடிலுக்க இருந்திச்சு. பள்ளிக்கூடப் புத்தகத்தத் திறக்காதவன், அத மூண்டு தரம் வாசிச்சிட்டன்.

முந்தி அந்தக் கைகாட்டிக்குப் பின்னால மண்ணெண்ணெ விளக்கு. பொழுதுபட ஒராள் ஏணியில ஏறிக் கொளுத்தோணும். நாகரெத்தினமெண்டு ஒருத்தர் இருந்தவராம். ஒரு நாள் ஏணி உச்சியில நிக்கக்குள்ள, அங்கால கலியாண வீட்டுப் பாயாசம் மணந்திருக்கு. மனிசன் விளக்க மறந்திட்டு இறங்கி நேராப் பந்தியில குந்திட்டாரு. விளக்கில்லாம ரயில் ஒண்டரை மணித்தியாலம் வெளியிலயே நிண்டிச்சாம். ரெண்டாந்தரம் பாயாசம் ஊத்தக்குள்ளதான் ஆரோ கேட்டிருக்காங்க, மாப்பிள்ளை எங்கயெண்டு. மாப்பிள்ளை அந்த ரயிலுக்குள்ள.

ஆ, சிரிக்கிறீங்க. நல்லதுதான். கொஞ்சம் சத்தமாச் சிரிங்க, சத்தமாக் கதைங்க. ரயில் சத்தம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

குடிலுக்கு உள்ளுக்க ஆரெண்டா கேக்கிறீங்க? அது என்ட அக்கா. எனக்கு இடியப்பம் கொண்டு வந்தவ. வெளிய வர மாட்டா, வெக்கம். அக்கா, இவருக்கு ஒரு கோப்பை தண்ணி குடு. அந்தா ஓலைக்கு இடையால கை வருகுது, வாங்குங்க. தண்ணி தளும்புது அண்ணன், ரெண்டு பேரும் விடாமப் பிடிச்சா எப்பிடிக் குடிக்கிற?

இதக் கேளுங்க. எங்களுக்கு ஒத்தத் தண்டவாளம். ரெண்டு ஸ்டேசனுக்கு நடுவில ஒரு நேரத்தில ஒரு ரயில்தான் ஓடலாம். அதுக்கு ஒரு இரும்பு வட்டு இரிக்கி. பெரிய வளையத்தில கொழுவி டிரைவர்ட கையில குடுப்பாங்க. அது வைச்சிருக்கிறவருதான் போகலாம், மற்றவரு எவ்வளவு பெரிய எஞ்சினெண்டாலும் நிக்கோணும். அடுத்த ஸ்டேசன்ல ஒழுங்காத் திருப்பிக் குடுத்திரோணும். உங்கட வீட்ட அந்த வட்டு ஆர்ட கையில?

அம்மாட கையிலயா? இத மட்டும் ஏனண்ணன் இவ்வளவு சத்தமாச் சொன்னீங்க? எங்கட வழக்கத்துக்குக் கலியாணம் முடிஞ்சா நீங்கதானே பொண்ணு வீட்ட வந்து இரிக்கப் போறீங்க. அம்மா அங்க உங்கட ஊர் குருக்கள்மடத்தில இருந்து வட்ட எப்பிடி நீட்டுவா, பஸ்ஸிலயா அனுப்புவா?

பொண்ணு என்ன வேலை? பாசிக்குடா ஹோட்டல்லயா? வாற ஆக்களுக்கு ரூம் எழுதிக் குடுக்கிறவவா? நல்ல வேலை. சில நாளைக்கு இருட்டினாப் பிறகுதான் வீட்ட வருவா. கலியாணத்துக்குப் பிறகும் போகட்டுமா, நிப்பாட்டிருவீங்களா?

அம்மா நிப்பாட்டச் சொல்றாவா? தரகர் ஓமெண்டவரா? பொண்ணுட அப்பாவும் ஓமெண்டவரா? அவங்க மூண்டு பேரும் சொல்லட்டும். இப்ப நான் உங்களைத்தான் கேக்கிறன் அண்ணன். உங்கட வாயால ஒரு சொல்லு.

என்னண்ணன், விளங்கல்ல. திருப்பிச் சொல்லுங்க. சத்தமா.

அவட வேலை, அவவைக் கேக்காம நான் எப்பிடிச் சொல்றது. அதானே சொன்னீங்க? இண்டைக்குப் பொண்ணு வீட்ட போனதும் முதல்ல அதத்தான் கேக்க நினைச்சிருக்கீங்களா? அம்மாக்கு முன்னாலயா?

பொறுங்க.

இல்ல, ரயில் இல்ல, அது சைக்கிள். பின்பக்கத்தால என்ட அக்கா போறா. அம்மாடி, என்ன மிதி மிதிக்கிறா.

மணி என்ன? பத்தேகாலா? சரி, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க, மூங்கிலத் தூக்குவம். ரயில் விடியவே போயிட்டு அண்ணன். அடுத்தது பின்னேரம்தான். கோவிக்காதீங்க, உங்களுக்குக் காட்டின போட்டோவில பவுடருக்குப் பின்னால இருந்த தனுஷியா, இப்ப சைக்கிள்ள போன என்ட அக்காதான். இதுவரைக்கும் மூண்டு வேன் வந்து அவவப் பாத்திட்டுப் போயிட்டு. அவவ மட்டும் வந்த மாப்பிள்ளைமார் ஒருத்தரையும் ஒழுங்காப் பாக்க விடல்ல. அதுதான் கோயிலுக்கெண்டு சொல்லிட்டு வந்து என்னட்ட இந்த ரயில் கேட்டப் பூட்டச் சொன்னா. பிடிக்கல்லெண்டா பத்தரை வரைக்கும் இஞ்சயே இருப்பன், நீ திறந்திராத எண்டவ.

அவட தம்பி கொழும்பில படிக்கிறானெண்டு தரகர் சொன்னவரா? நல்ல மனிசன். அது நான்தான்.

ஏறுங்க, ஏறுங்க. டிரைவர மட்டும் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க. அவ இன்னும் சீலை உடுக்கோணும்.