இரவல் இடுப்பெலும்பு

டிசம்பர் மாதம், மாலை ஐந்தே முக்கால். வடக்கு வங்காளத்தில் அதுவே நடுநிசி இருட்டு. மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு கட்டடத்திலிருந்து பெண்கள் விடுதிக்குத் தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு பாதை. ஈ காக்கை கிடையாது. மூடுபனியோ, கத்தியால் வெட்டித்தான் வழி எடுக்க வேண்டும்!

நெருங்கி உட்காருங்கள். எலும்பறைக் காவலர் நிபாரணின் அண்ணன் மகள் மோஹுவாவுக்கு நடந்தது இது. முதலாண்டு மாணவி. மற்ற எலும்பெல்லாம் தண்ணி பட்ட பாடு. இடுப்பெலும்பை மட்டும் நூறு தடவை கொடுத்தால் நூற்றிரண்டு தடவை இடது வலது பக்கத்தை மாற்றிச் சொல்வாள்.

"ஒரு தடவை கோட்டை விட்டாச்சு. நாளைக்குப் பரீட்சையும் போச்சுன்னா உங்கப்பன் படிப்பை நிறுத்திக் கடையில உட்கார வெச்சுடுவான்டி." பெட்டியிலிருந்து ஓர் இடுப்பெலும்பை நிபாரண் திருட்டுத்தனமாகத் தந்தார். "ராத்திரி பூரா தடவிப் பாரு. காலையில என் கைக்கு வந்துடணும்."

"சித்தியைக்கூட இவ்வளவு பத்திரமா பார்த்துக்க மாட்டீங்களே, சித்தப்பா!"

"அவ தொலைஞ்சா என் வேலை போகாது. கிளம்புடி."

பாதி வழி. பின்னால்... டக்.

ஒரே காலடி. அடுத்த கால் விழ வேண்டிய இடத்தில்... ஒன்றுமில்லை. மறுபடியும்... டக்.

பாச்சை உருண்டை வாசனை. பையிலிருந்த எலும்பிலிருந்து இல்லை. காதோரத்தில்.

"பையில இருக்கிறது இடதாம்மா... வலதா?"

பெண்குரல். தேர்வாளர் மாதிரியே பொறுமையாக.

வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே மோஹுவாவுக்குக் கை தானாகப் போய்விடும். எலும்பை எடுத்துத் தன் வலது இடுப்பில் வைத்துப் பார்த்தாள்.

"வலதுங்க."

தப்பு. அது இடது.

"சரி... வலதாவே இருக்கட்டும்."

சில்லென்று ஏதோ நுழைந்தது. வலி இல்லை. சத்தம் நின்றது. வலது இடுப்பு மரத்துப்போனது. பயமும்தான்.

விடுதியில் அறைத்தோழி ரஞ்சாபதி அந்த இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்தாள்.

"ஏய், தோல் சிவந்துடுச்சு! சுடலையா?"

"இல்ல."

"வெந்துடும்டி லூசு!"

"வேகட்டும்."

காலையில் எலும்பை வாங்கிய நிபாரணுக்கு முப்பத்தொரு வருட அனுபவம். தூக்கத்தில் தொட்டாலும் பக்கம் சொல்வார். கண்ணை மூடித் தடவினார். வலது. கொஞ்சம் இளஞ்சூடாகவும் இருந்தது. பெட்டிக்குள் வைத்தார்.

தேர்வாளர் அத்தனை எலும்பிலும் அதையேதான் எடுத்தார்.

"வலது, சார். பெண். என் வயசு."

"தொடாமலே சொல்றியேம்மா!"

பின்பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. பெண் எலும்பு என்றால் அதில் கட்டைவிரல் தாராளமாக ஆடும். சரிபார்க்க அவர் விரலை நுழைத்துத் திருப்பினார்.

இரவெல்லாம் வெந்நீர் தெரியாத இடுப்பில்... அந்த விரல் தெரிந்தது.

தேறிவிட்டாள். இன்று மால்டாவில் பெரிய டாக்டர். வலது இடுப்பில் கோணி ஊசியைக் குத்தினாலும் உணர்வு கிடையாது. ஆனால் கல்லூரியில் புதுப் பிள்ளைகள் சேரும் மாதங்களில், நோயாளி நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருக்க, இவள் அப்படியே நின்றுவிடுவாள். யாரோ தடவுகிறார்கள்... திருப்புகிறார்கள்... இன்னொரு கைக்கு மாற்றுகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை எவனோ அந்த எலும்பைக் கீழே போட்டுவிட்டான்.