மலை ஏறிவிட்ட வண்டி

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவரின் சட்டையெங்கும் கிரீஸ்.

“ஹைட்ரஜன்ல ஓடற அந்தப் புது வண்டி இன்னைக்கு மலை ஏறிருச்சு. அதான் தொல்லையாப் போச்சு.”

“ஏனுங்க, அதுக்குத்தானுங்களே மூணு மாசமா அலையறீங்க?”

“ஹைட்ரஜனும் காத்தும் சரியாக் கலக்காம வளைவுக்கு வளைவு நின்னுச்சு. வெறுத்துப்போயி, ஹைட்ரஜன் பீச்சற ஊசியையும் பிஸ்டனையும் ஒண்ணா மாத்திட்டேன். இப்ப எதுனால ஏறுச்சுன்னு ஆபீஸ்ல கேக்கறாங்க.”

“தெரியலீங்களா?”

“புது ஊசிய அப்படியே வெச்சு, பழைய பிஸ்டனப் போட்டு நாளைக்கு ஏத்திப் பாக்கோணும். நின்னா பிஸ்டன்தான் காரணம்னு முடிச்சிரலாம். ஏறுச்சுன்னா பழைய ஊசியப் போட்டுப் பாக்கோணும், ஞாயித்துக்கிழமையும் வேலை.”

“ஞாயித்துக்கிழமை எங்கம்மா ஊட்டுக்குப் போலாம்னீங்க.”

அவர் விரலில் ஒட்டிய கிரீஸைச் சுரண்டினார். இரண்டு வளைவுகள் கழிந்து அந்த அம்மாள் சொன்னார்.

“மூணு மாசமா வண்டி ஏறோணும்னு மாரியாத்தாளுக்கு வெளக்குப் போட்டனுங்க. நாளைக்கு நிக்கோணும்னு போடறேன்.”