என் அப்பாவைப் பஸ் ஏற்றிவிட்ட பெருமக்களே

அன்பையே அணிகலனாய்ப் பூண்டு, ஆரவாரம் இல்லாமல் இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நற்பணி மன்றத் தலைவர் கௌதம்ராஜ் ஐயா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மேன்மக்களே! முன்வரிசையில் வேட்டி கசங்காமல் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்து உட்கார்ந்திருக்கும் அன்னையர்களே! ராஜபாளையத்திலிருந்து நடந்து வந்தவர்களே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களே, மம்சாபுரத்திலிருந்து வேலை முடிந்த கையோடு ஓடி வந்தவர்களே! உங்கள் அத்தனை பேரையும் சிவரஞ்சனி என்னும் இந்தத் தமிழாசிரியை தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

வணங்கிவிட்டேன். இனி என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வகுப்பில் வாய் மூடாத டீச்சர் மேடையில் வாயடைத்து நிற்பதைப் பார்க்க உங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் நான் நிஜமாகவே குழம்பிப்போய்த்தான் நிற்கிறேன். தொண்டு செய்தவர்களைப் பாராட்டிப் பேச வேண்டும் என்று மன்றத்தார் என்னை அழைத்தார்கள். யாரைப் பாராட்ட வேண்டும்? இதோ, பொன்னாடை போர்த்தி மேடையில் அமர்ந்திருக்கிறார்களே, டீக்கடை விஜயபாண்டி அண்ணாச்சி, அன்னதானக் கமிட்டி வைகுண்டராஜ் ஐயா, மம்சாபுரம் மகளிர் குழு நாச்சியார் அக்கா, இந்த மூவரையும். இந்த மூவரும் காணாமல் போன என் அப்பாவுக்கு உதவியவர்கள். இந்த மூவரும் உதவிய உதவியில்தான் என் அப்பாவை நான் பறிகொடுக்கப் பார்த்தேன். இரண்டும் உண்மை. நான் நன்றி சொல்வதா? இல்லை, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதா?

என் அப்பா பெயர் கண்ணுச்சாமி. காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இப்போது மறதி நோய். காலையில் தின்ற இட்லி மறந்துவிடும், பெற்ற மகள் பெயர் மறந்துவிடும். ஆனால் வேலை பார்த்த ஊர்கள் மறக்கவில்லை, மீசையை முறுக்குவது மறக்கவில்லை, அந்தக் குரலும் மறக்கவில்லை. அவர் "தள்ளி நில்லு" என்றால் இன்றைக்கும் எங்கள் தெருவில் நிறுத்திய லாரி தள்ளித்தான் நிற்கும்.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. திருவண்ணாமலை போகும் கூட்டம் ரோட்டை நிறைத்துக்கொண்டு நடக்கிற நாள். யாரப்பா அது, எந்தத் திருவண்ணாமலை என்று கேட்பது? வெளியூரா? நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் மலை மேல் இருக்கிற பெருமாளைச் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பில் இருந்தேன். வீட்டில் என் கணவர் ராம்குமார் குளித்துக்கொண்டிருந்தார். அப்பா சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார், பலகாரம் சாப்பிடவில்லை, செல்போனை டிவி மேல் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டார்.

நேராக விஜயபாண்டி அண்ணாச்சி கடைக்குப் போயிருக்கிறார். கோயிலில் பந்தோபஸ்து டூட்டி, நேரமாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். புரட்டாசிச் சனிக்கிழமை பந்தோபஸ்து இல்லாமலா இருக்கும்? அண்ணாச்சி உடனே வடை கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோர சீட்டும் பிடித்துக் கொடுத்தார். விஷயம் தெரிந்து நானும் என் கணவரும் பதறியடித்துக்கொண்டு போய் நின்றபோது அண்ணாச்சியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "கவலப்படாதிய டீச்சர். நான்தான் பஸ் ஏத்தி விட்டேன்" என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு அழுதேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்னதானப் பந்தல். அங்கே கரண்டியும் கையுமாக வைகுண்டராஜ் ஐயா. ஐயா, தலையைக் குனியாதீர்கள், உங்கள் மனசு தங்கம் என்று இந்த ஊருக்கே தெரியும். அப்பாவை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சர்க்கரைப் பொங்கல் வைத்தார், வேண்டாம் வேண்டாம் என்றவருக்கு இன்னொரு கரண்டி வைத்தார். போதாதென்று பால்கோவா வேறு. என்ன அம்மா, ஐயோ என்கிறீர்கள்? சர்க்கரை வியாதிக்காரருக்குப் பால்கோவா என்றால் எனக்கும் அப்படித்தான் ஐயோ என்று வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அப்பாவுக்குக் கோயில் பந்தோபஸ்து மறந்துவிட்டது. மம்சாபுரம் ஸ்டேஷனில் ரிப்போர்ட் பண்ண வேண்டும் என்றார். ஐயா என்ன செய்தார்? பந்தலை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, தன் பைக்கில் உட்கார வைத்து, மம்சாபுரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பினார்.

நாங்கள் பந்தலுக்கு வந்தோம். "ரண்டி, வாங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்றார் ஐயா. பசித்த முகம் யார் முகமாக இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. சாப்பாடு இறங்குமா எனக்கு?

மம்சாபுரத்தில் நாச்சியார் அக்கா. வெயிலில் ஒரு பெரியவர் தள்ளாடி நிற்கிறாரே என்று ஓடி வந்து பானகம் கொடுத்தார். அதுவும் வெல்லம் போட்டது. அதற்குள் அப்பாவுக்குக் கூமாப்பட்டி ஞாபகம் வந்துவிட்டது, அங்கேதான் அவர் நெடுநாள் வேலை பார்த்தார். அக்கா அவரை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டு, இந்த ஐயாவைக் கூமாப்பட்டி பஸ்ஸில் மாற்றி விட்டுவிடுங்கள் என்று ஒப்படைத்தார். அந்தக் கண்டக்டர் ஒப்படைத்த வேலையை ஒழுங்காகச் செய்தார். எங்கள் பைக் மம்சாபுரம் போய்க்கொண்டிருந்தபோது அந்த பஸ் எங்களைத் தாண்டித்தான் போயிருக்கிறது. அப்பா ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பார். நான் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் பார்த்தேன், பஸ்ஸைப் பார்க்கவில்லை.

காவல் நிலையத்தில் சொன்னீர்களா என்று ஒரு அண்ணன் கேட்கிறார். சொன்னோம், அண்ணா. அவர்களும் தேடினார்கள். ஓரிடத்தில் நிற்கிற மனிதரைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஊர் கூடி அனுப்பிக்கொண்டே இருக்கிற மனிதரை எப்படிக் கண்டுபிடிப்பது?

அவையோரே, கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இவர்களில் ஒருவராவது கெட்டவரா? இல்லை. ஒருவராவது கஞ்சரா? இல்லை. ஒருவராவது கண்டும் காணாமல் போனாரா? இல்லவே இல்லை. எங்கே போகணும் ஐயா என்று அத்தனை பேரும் கேட்டார்கள். எங்கிருந்து வாரீய என்று யார் கேட்டது? உங்களை யார் தேடுவார்கள் என்று யார் கேட்டது? கொடுத்தோம், அனுப்பினோம், கும்பிட்டோம், முடிந்தது. நமக்கு உதவி என்றால் அனுப்பி வைப்பது. குப்பையை அடுத்த தெருவுக்கு அனுப்புகிறோம், மனு கொடுக்க வந்தவரை அடுத்த ஜன்னலுக்கு அனுப்புகிறோம், வழி தவறி வந்தவரை அடுத்த பஸ்ஸுக்கு அனுப்புகிறோம். அனுப்பிவிட்டுத் திரும்பும்போது மனசு நிறைந்துவிடுகிறது. அதுதான் எனக்குப் புரியாத புதிர்.

இனி கூமாப்பட்டி. பொழுது சாய்கிற நேரம். பஸ் நிறுத்தத்தில் மாரிக்கனி என்று ஒரு பெண். தங்கைக்கு அன்றைக்கு வத்திராயிருப்பில் நிச்சயதார்த்தம். சேலைத்தட்டு மாரிக்கனி கையில். அவர் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே தட்டு மாற்ற முடியும். அந்த நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினார் என் அப்பா, இறங்கிய கையோடு ராஜபாளையம் போகிற பஸ் எது என்று கேட்டார், டூட்டிக்கு நேரமாச்சு என்றார்.

மாரிக்கனி அன்பாகப் பேசத் தெரியாதவர். நான் சொல்லவில்லை, பிறகு தேடிப்போய்ப் பார்த்தபோது அவரே சொன்னார். அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"டூட்டின்னா காக்கிச் சட்டை எங்க? பெல்ட்டு எங்க?"

அப்பா குனிந்து தன் சட்டையைப் பார்த்தாராம். கைலியைப் பார்த்தாராம். காலில் வீட்டுச் செருப்பைப் பார்த்தாராம். காலையிலிருந்து எத்தனையோ பேருக்கு மிடுக்காகப் பதில் சொன்ன மனிதர், அப்போதுதான் முதன்முதலாக உண்மையைச் சொன்னார்.

"தெரியலயேம்மா."

அந்த ஒரு வார்த்தை போதும். மாரிக்கனி அவரைப் பிடித்து உட்கார வைத்தார், பக்கத்தில் தானும் உட்கார்ந்தார், அவசர எண்ணுக்குப் போன் போட்டார். அவ்வளவுதான் செய்தார். வத்திராயிருப்பு பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. அடுத்த பஸ் வந்தது, ஏறவில்லை. அம்மாவிடமிருந்து போன் மேல் போன். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, சேலை எங்கேடி என்று அங்கே கூச்சல். இங்கே நாலு நல்லவர்கள் கூடிவிட்டார்கள். பாவம் பெரியவர், நாங்கள் பஸ் ஏற்றி விடுகிறோம், நீ போ தாயி என்று ஆளுக்கு ஒரு கையைப் பிடித்திருக்கிறார்கள். மாரிக்கனி தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாராம்.

"யாராவது அவியள பஸ்ஸுல ஏத்துனீய, நடக்குறதே வேற. அவிய எங்கயும் போகல. அவியளத் தேடி ஆளு வரும்."

ஆள் வந்தது. காவல் நிலையத்திலிருந்து தகவல் சொல்ல, நான்தான் வந்தேன். ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டேன், அவருடைய கை ஜில்லென்று வேர்த்திருந்தது, கண் சொருகிக்கொண்டிருந்தது. நன்றி சொல்லத் திரும்பினேன். மாரிக்கனி என்னைத் திட்டினார் பாருங்கள் ஒரு திட்டு. வயசான மனுசரை இப்படித்தான் விடுவியளா என்று தொடங்கி, ஊரே பார்க்கக் கிழித்துவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். நிச்சயம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அவருடைய அம்மா இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் குழப்பம் அங்கேயாவது தீர்ந்ததா? ஒரு டாக்டர் இவ்வளவு இனிப்பையா கொடுப்பார்கள் என்று கோபப்பட்டார். இன்னொரு டாக்டர், மாத்திரை போட்டுவிட்டு நாள் முழுக்கப் பட்டினி கிடந்திருந்தால் வழியிலேயே விழுந்திருப்பார், சாப்பாடு கொடுத்தவர்களுக்குப் புண்ணியம் என்றார். இப்போது சொல்லுங்கள், அந்தப் பால்கோவாவை நான் திட்டுவதா, கும்பிடுவதா? அண்ணாச்சி, ஐயா, அக்கா, அந்தப் பொன்னாடைகள் உங்கள் தோளிலேயே இருக்கட்டும். அவற்றைக் கழற்றச் சொல்ல எனக்கு மனசும் இல்லை, நியாயமும் இல்லை. ஆனால் மாரிக்கனியை யாரும் அழைக்கவில்லையே, அது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டோம். சாவி என் இடுப்பில். தொண்டின் பெருமையைப் பற்றி உங்கள் முன்னால் நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த நிமிடமும் என் அப்பா அந்தக் கேட்டுக்குள்தான் இருக்கிறார். துணைக்கு என் கணவர் இருக்கிறார், பயமில்லை. ஆனால் இன்றைக்கு நான் புறப்படும்போது, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பா என்னைக் கேட்டார். அதட்டவில்லை. அந்தக் குரலே இல்லை. மெதுவாகக் கேட்டார்.

"ஏத்தா, எம் மேல என்ன கேஸு?"

 எத்தனையோ பேரைக் கம்பிக்குள் வைத்த மனிதருக்கு, குற்றம் இல்லாமல் உள்ளே இருப்பது எப்படி இருக்கும்? பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நான் வந்துவிட்டேன். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அதுதான் என் காதில். பூட்டினால் பத்திரம், ஆனால் அது என் அப்பாவுக்குச் சிறை. திறந்தால் அவருக்குத் தெரு, எனக்கு உயிர் போகிற பயம். இத்தனை நல்லவர்கள் வாழ்கிற ஊரில், ஒரு பெரியவரைப் பூட்டித்தான் காப்பாற்ற முடியும் என்றால், நம் நன்மையில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. மன்றத்தாரே, மரம் நட்டீர்கள், ரத்தம் கொடுத்தீர்கள், கண்மாய்க் கரையைச் சுத்தம் செய்தீர்கள், எல்லாம் நன்று. அதோடு செத்த நேரம் ஒரு மனிதர் பக்கத்தில் உட்காரவும் பழகுவோமா? நம் பஸ்ஸை விட்டுவிட்டு, நம் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, அவருக்கு ஆள் வரும்வரை உட்காருவோமா?

கை தட்டாதீர்கள். கை தட்டினால் எனக்கு இன்னும் குழம்பிவிடும், நீங்கள் பேச்சுக்குத் தட்டுகிறீர்களா, சம்மதத்துக்குத் தட்டுகிறீர்களா என்று தெரியாது.

என் குழப்பம் தீரவில்லை, பெருமக்களே. தீராமலேயே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். என் கணவருக்குக்கூட இன்னும் தெரியாது. நாளைக் காலை நான் அந்தப் பூட்டைத் திறக்கப் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் திறக்கப் போகிறேன்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், கண் துடைத்துக்கொள்ளும் தாய்மார்க்கும், இடையில் கேள்வி கேட்டு என்னைக் காப்பாற்றிய அண்ணன்மார்க்கும், அழைத்துப் பேச வைத்த மன்றத்தார்க்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நாளைக்கு மீசையை முறுக்கிக்கொண்டு கைலியோடு ஒரு பெரியவர் உங்கள் கடைப் பக்கம் வருவார். டூட்டிக்கு எங்கே போகணும் என்று கேட்பார். வழி சொல்லாதீர்கள். எழுந்து நின்று ஒரு சல்யூட் அடியுங்கள். ஒரு நாற்காலி போடுங்கள். "ஏட்டையா, இன்னைக்கு ஒங்களுக்கு டூட்டி இங்கதான்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள், நான் வந்துவிடுகிறேன்.

வணக்கம்.