புளியங்கொட்டைப் பட்டாளம்

இந்து மகா சமுத்திரத்தில் கப்பல்கள் எந்த முறைப்படி மூழ்க வேண்டும் என்று 1943-இல் சட்டம் இயற்றியவன் நான். பிரிட்டிஷ் கடற்படைக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு தொப்பியாவது அனுப்பியிருப்பார்கள். உட்காருங்கள், ஸ்டானிஸ்லாஸ் அண்ணே. உங்கள் அம்மா எப்படி இறந்தார்கள் என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும்.

ராயபுரத்தில் எங்கள் மளிகைக் கடை மாடியில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, நானும் உங்கள் தம்பி இக்னேஷியஸும் கடற்போர் ஆடுவோம். போர்க்கப்பலுக்குத் தீப்பெட்டி. சிக்கல் நீங்கள் வேலை பார்த்த கப்பலின் ரகத்தால் வந்தது. துரைமார் நடனமாடிய பெரிய பயணிக் கப்பல், இப்போது சாம்பல் பூச்சோடு பட்டாளம் ஏற்றுகிறது. பீரங்கி பேருக்குத்தான். அதையும் தீப்பெட்டியாக்கினால் பொய். சும்மா விட்டால் மூழ்கடிக்க எவனுக்கும் ஆசை வராது. நான்தான் வழி கண்டேன். சோப்புப் பெட்டி, உள்ளே புளியங்கொட்டை. ஒரு கொட்டை நூறு சிப்பாய். மூழ்கடித்தவனுக்கு அத்தனையும் சொந்தம். கொட்டை அப்பா கடைச் சரக்கு என்பதால் பட்டாளத்துக்குப் பஞ்சமில்லை.

இக்னேஷியஸ் ஒரு பெட்டிக்கு உங்கள் கப்பலின் பெயரை வைத்து, உள்ளே ஒரு குன்றிமணியும் போட்டான். அது நீங்கள். என் நீர்மூழ்கி நெருங்கினால் குன்றிமணி அவன் சட்டைப் பைக்குப் போய்விடும்.

"இன்னாடா, உங்கண்ணன் நடுக்கடல்ல எறங்கி நடந்து போறாரா?" என்பேன்.

"இர்ந்துட்டுப் போவட்டும் மாமு. சாய்ங்காலம் அம்மா கேக்கும். எனக்குப் பொய் சொல்ல வராது."

கேட்கத்தான் செய்தார்கள். உங்கள் கடிதம் நின்று மாதக்கணக்காகியிருந்தது. கப்பல் எங்கே என்று சர்க்கார் சொல்லாது. ஆகவே உங்கள் அம்மா வியாகுலம்மாள் எங்கள் மாடியை நம்பினார்கள். கப்பல் பத்திரம் என்று தம்பி சொன்னால்தான் சோறு இறங்கும். இதைச் சொல்லிக் கல்லூரியில் பலரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஒருநாள் குன்றிமணி உள்ளேயே இருக்க, அந்தப் பெட்டியை முறைப்படி மூழ்கடித்தேன். தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டுக்கு வேலைக்குப் போனான். தெருக்குழாயடியில் உங்கள் அம்மா என்னை நிறுத்தினார்கள்.

"இன்னா நைனா, எம்புள்ள கப்பலு எங்க கீது?"

"மூழ்கிப்போச்சிம்மா. ரெண்டு டார்பிடோ."

ஆட்டத்தில் நடந்ததைத்தான் சொன்னேன். குடம் நழுவவில்லை. மெதுவாகக் கீழே வைத்தார்கள். தினமும் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற பையன் சொன்னதால் தெருவே நம்பியது. நான் பேப்பரில் படித்துத்தான் சொன்னேன் என்று தம்பியும் நம்பினான், மாடியில் மூழ்கிய அன்றே கடலிலும் மூழ்கிவிட்டது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். நான் மறுக்கவில்லை. விளக்கம் சொன்னால் நகைச்சுவை கெட்டுவிடும் என்பது என் கொள்கை.

உடல் இல்லாத பெட்டிக்குக் கறுப்புத் துணி போர்த்தி, கோயிலில் உங்களுக்குப் பூசை வைத்தார்கள். கடைசி வரிசையில் நானும் இருந்தேன். பாட்டு நன்றாக இருந்தது. வெளியே வந்ததும் உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீயாச்சும் நெசத்தச் சொன்னியே, நைனா."

அப்போது வாயைத் திறந்திருக்கலாம்தான். ஆனால் அவ்வளவு பேர் எதிரில் அந்த அம்மாளை முட்டாளாக்க எனக்கு மனம் வரவில்லை. அதன்பின் அவர்கள் சாப்பிடுவதை விட்டார்கள். மழைக்கு முன் காசிமேட்டில் அடக்கம். மழை விட்டதும் நீங்கள் பிஸ்கட் டின்னோடு வந்து நின்றீர்கள்.

ஆக, கொன்றது நான். ஆட்ட விதிகளின்படி குற்றமில்லை. வேறு விதிகளின்படி இருக்கலாம்.

நாளை மறுபடி கப்பலேறுகிறீர்களாமே. தம்பி இப்போதெல்லாம் மாடிக்கு வருவதில்லை. இரண்டு பக்கமும் நானே ஆடுகிறேன். உங்கள் கப்பல் துறைமுகக் கட்டத்தை விட்டு இன்னும் நகரவில்லை. கொதிகலன் பழுது. ஒரு சுற்றுக்கு மேல் எந்தக் கப்பலும் அப்படி நிற்கக் கூடாது என்று விதி எழுதியவனும் நான்தான். ஆனால் பழுது என்றால் பழுதுதானே அண்ணே. எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறவர், உங்களுக்கா தெரியாது.