வண்டிக்கு ஒரு ஆள்

சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் பின்னால் நின்றுகொண்டு பேசக் கூடாது. முன்னால் வந்து, கொஞ்சம் குனிந்து, முகம் பார்த்துப் பேச வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. நான் பயிற்சியில் கற்றுக்கொண்டேன். சான்றிதழ் வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் கொண்டுவரச் சொல்கிறேன்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

எங்கள் சங்கத்துக்குப் பெயர்ப்பலகை பெரிது, அலுவலகம் சிறிது. பழைய நூலகத்தின் பின்னறை. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, உட்கார்ந்தால் முனகும் ஒரு நாற்காலி. நடக்க முடியாதவர்கள், பேருந்துப் படி ஏற முடியாதவர்கள் கூப்பிட்டால் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கோ சந்தைக்கோ கொண்டுபோய், காத்திருந்து, திரும்ப வீட்டில் விடுவோம். இலவசம். தலைவி பெரிய டீச்சர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஊரில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். அதனால் உதவி கேட்டு அவர் போய் நின்றால் யாரும் மறுப்பதில்லை, தானாகக் கையை நீட்டுகிறார்கள். ஓட்டுநர் நான்.

அதற்கு முன் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். மனைவியின் அண்ணன் வீட்டு மாடியில் இருந்தேன். அதுதான் அப்போது என் வேலை. மச்சான் நல்ல மனிதர். சாப்பிடும்போது மட்டும், "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாப்ள, உழைச்சுக் களைச்ச உடம்பு" என்பார். நான் வண்டி ஓட்ட ஆரம்பித்த பிறகு அதை நிறுத்திவிட்டார். தெருவில் போனால் கிழவர்கள் கும்பிட்டார்கள். உங்களுக்கு இதெல்லாம் சாதாரணமாக இருக்கலாம். உங்களுக்குச் சீருடை இருக்கிறது.

பழைய வண்டி ஒருநாள் பாலத்தின் மேல் நின்றது, பிறகு நகரவில்லை. பெரிய டீச்சர் ஒரு பெரிய அறக்கட்டளைக்கு எழுதிப் போட்டார். அவர்கள் புது வண்டியே அனுப்பிவிட்டார்கள். பின்பக்கம் லிஃப்ட் வைத்த வண்டி. கதவைத் திறந்து பொத்தானை அழுத்தினால் இரும்புத் தட்டு தரை வரை இறங்கும். நாற்காலியோடு ஆளை ஏற்றினால் அப்படியே தூக்கி உள்ளே வைக்கும். அவசரமே இல்லாமல். முதல் வாரம் ஆள் இல்லாமலே பல தடவை இறக்கி ஏற்றிப் பார்த்தேன். அதற்காக நூலகத்தின் பக்கத்தில் ஒரு கொட்டகையும் போட்டேன். மனைவி வந்து சுற்றிப் பார்த்தாள்.

"சின்ன வீட்டுக்குத் தனியா ஷெட்டு போட்டாச்சு. பெரிய வீடு இன்னும் அண்ணன் மாடியிலதான் இருக்கு."

அப்போதெல்லாம் இப்படித்தான் பேசுவாள்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் ஊரில் சக்கர நாற்காலிக்காரர் யாரும் இல்லை. ஒருவர் இருந்தார், நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். வண்டி வருவதற்குச் சற்று முன்னால் போய்விட்டார். கொஞ்சம் பொறுத்திருக்கலாம். மற்றவர்கள் எல்லாம் தடி ஊன்றி, என் தோளைப் பிடித்து, முன் கதவு வழியாகவே ஏறிவிடுவார்கள். லிஃப்ட் பின்னால் சும்மா கிடந்தது.

அறக்கட்டளையிலிருந்து தொலைபேசி வந்தது. மழைக்காலம் முடிந்ததும் நேரில் வருவார்கள். லிஃப்டுக்கு உபயோகம் இல்லையென்றால் வண்டி வேறு ஊருக்குப் போகும். நியாயமான பேச்சுதான்.

"ஊர்ல ஒரு நொண்டி கூடவா இல்ல?" என்றார் பெரிய டீச்சர்.

அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று பயிற்சியில் சொன்னதை நினைவுபடுத்தினேன்.

"சரிப்பா, மாற்றுத்திறனாளி. ஒரு மாற்றுத்திறனாளி கூடவா இல்ல?"

அவருக்கு இதில் வேறு எந்தப் பங்கும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் தபால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது குற்றம் அல்ல, ஆனாலும் சொல்கிறேன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடந்து போவார். ஒருநாள் வெயிலில் பார்த்து வண்டியை நிறுத்தினேன்.

"பக்கத்துலதானே தம்பி, நடந்துடுவேன்."

"பக்கத்துல போறதுக்கு வண்டி வேண்டாம்னு யாரு சொன்னா அக்கா? ஏறுங்க."

அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. மறுநாளும் நிறுத்தினேன். பிறகு வாசலுக்கே போனேன். பிறகு பையை நானே உள்ளே கொண்டுபோய் வைத்தேன். கால்கள் சீக்கிரம் பழகிவிடுகின்றன. சில மாதங்களில் அவர் வீட்டு வாசற்படி அவருக்கே உயரமாகிவிட்டது. "நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன் தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. நமக்கு ஆள் இல்லை என்பது தப்பு. ஆள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

அக்காவைத்தான் நம்பியிருந்தேன். ஆனால் அவர் தடியோடு நின்றுவிட்டார். மழைக்காலத்துக்குள் நாற்காலிக்கு வரமாட்டார் என்று தெரிந்தது.

இனி தையல்காரர். கொட்டகைக்கு எதிரே கடை. கீழே தையல் இயந்திரம், மேலே ஒற்றை அறை, வெளிப்பக்கமாக இரும்புப் படி. ஒண்டிக்கட்டை. எனக்கு அண்ணன் மாதிரி. வண்டி இருக்கைகளுக்கு உறை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். தைத்த துணியை அவரே நடந்து போய் வீட்டில் கொடுப்பார். போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். ஊரின் மேட்டுத்தெரு, பள்ளத்தெரு எல்லாம் அவர் காலுக்கு ஒன்றுதான். நான் கூப்பிடாத நாள் இல்லை.

"உன் வண்டியில நான் ஏறணும்னா நாலு பேர் தூக்கித்தான்டா ஏத்தணும்."

"லிஃப்ட் இருக்குண்ணே. நாலு பேர் எதுக்கு?"

"எமனுக்கே ஏஜென்சி எடுத்திருக்கியாடா? போ, போ. நடந்தாத்தான் எனக்குச் சோறு செரிக்கும்."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் காலையில் படியிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு.

கைப்பிடி ஆடியது. அதுதான் காரணம். முந்தின நாள் அவரே என்னிடம் சொன்னார். "டேய், உங்கிட்ட ஸ்பேனர் இருக்குல்ல? மேல கைப்பிடி லொடலொடன்னு ஆடுது. கொஞ்சம் முறுக்கிவிடேன்." நான் போனேன். இரண்டு போல்ட். ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. முறுக்கிவிட்டேன் என்று சொன்னேன். முறுக்கவில்லை. சொல்ல மட்டும் செய்தேன். நான் எதையும் கழற்றவில்லை என்று உங்கள் ஆட்களிடம் முதலில் சொன்னது இந்த அர்த்தத்தில்தான்.

இன்னொரு போல்ட் பற்றிக் கேட்கிறீர்கள். அது கெட்டியாக இருந்தது. கழற்றக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஒன்று பிடித்தும் ஒன்று பிடிக்காமலும் இருந்தால் விழுவது ஒழுங்காக விழாது; தலையில் படலாம். அதை யோசித்துத்தான் செய்தேன். தலையில் படவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

சத்தம் கேட்டு முதலில் ஓடியதும் நான்தான். என் மடியில்தான் அவர் தலை இருந்தது. "முறுக்கினியேடா" என்றார். "துருப்பிடிச்ச இரும்புண்ணே" என்றேன். தலையாட்டினார். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. மனைவியைக் கேளுங்கள்.

எலும்புக்குத் தகடு வைத்தார்கள். காலுக்கான பயிற்சிக்கு ஒழுங்காக வந்தால் சில மாதத்தில் பழையபடி நடப்பார் என்றார் மருத்துவர். அதுவரை நாற்காலி. கடையிலேயே கட்டில் போட்டுக் கொடுத்தேன். சாப்பாடு என் வீட்டிலிருந்துதான் போனது. மழைக்காலம் முடிந்தது. அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தையல்காரரைத் தட்டில் ஏற்றிப் பொத்தானை அழுத்தினேன். அவர் மெல்ல மேலே எழுந்தார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். பெரிய டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேல போனது போதும்டா, நிறுத்து. ஒரேயடியா அனுப்பிடாத" என்றார் தையல்காரர். வந்தவர்களும் சிரித்தார்கள். புகைப்படத்தில் நான் அவர் பக்கத்தில் குனிந்து நிற்கிறேன்.

வண்டி எங்களுக்கே என்றார்கள். அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் போகும்போது அவர்களில் ஒருவர், "அடுத்த வருஷமும் வந்து பார்ப்போம்" என்றார்.

அடுத்த வருடம் இவர் நடந்துகொண்டிருப்பார். யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பயிற்சி கொடுப்பது மருத்துவமனையில்தான். மருத்துவமனை ஊருக்கு வெளியே. வண்டியை விட்டால் அவருக்கு வழியில்லை. நான் அவரை ஒன்றும் செய்யவில்லை. சில நாள் டயர் காற்று இறங்கியது. சில நாள் தபால் அக்காவைச் சந்தையில் விட்டுவிட்டுப் போனதில் நேரமாகி, பயிற்சி கொடுக்கும் பெண் கிளம்பிவிட்டாள். சில நாள் சரியான நேரத்துக்கே போய்விட்டோம்; அப்போது நான் மட்டும் உள்ளே போய், "இன்னைக்கு வலி தாங்கலையாம், வேண்டாங்கிறார்" என்று சொல்லிவிட்டு வந்து, அவரிடம் "அந்தப் பொண்ணு லீவாம்ணே" என்றேன். அவர் குறை சொன்னதே இல்லை. ஒருநாள் டேப்பை எடுத்துத் தொடையைச் சுற்றி அளந்தார்.

"பாருடா. ஒரு கால் எனக்கு, ஒரு கால் என் பேரனுக்கு. பேண்ட் தைச்சா ரெண்டு அளவு எடுக்கணும்."

"உங்களுக்கு ஏதுண்ணே பேரன்?"

"அதான் காலை மட்டும் அனுப்பி வச்சிருக்கான்."

நான் சிரித்தேன். வண்டியில் திரும்பும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தோம். நாங்கள் அப்படிப்பட்டவர்கள்.

மனைவி மட்டும் ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "இன்னைக்கும் வண்டி ரிப்பேரா? சந்தைக்குப் போறப்ப நல்லாத்தானே ஓடுச்சு?" நான் டயரைப் பார்க்கக் கொட்டகைக்குப் போனேன். அதற்குப் பிறகு அவள் வண்டியைப் பற்றிக் கேலி பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

இதற்கிடையில் அறக்கட்டளை இன்னொரு சேதி சொன்னது. புகைப்படம் அவர்கள் பத்திரிகையில் வந்ததாம். தேவை இருந்தால் இரண்டாவது வண்டியும் தருவார்களாம். பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். "தேவை இருக்காப்பா?" இருக்கும் டீச்சர் என்றேன். அன்று மாலை தெருவில் நடந்தபோது மனிதர்களை வேறு மாதிரிப் பார்த்தேன் என்பது உண்மை. செய்தித்தாள் போடுகிறவருக்குக் கணுக்கால் கொஞ்சம் மடங்கும். பேக்கரிக்காரர் உடம்புக்கு அவர் முழங்கால் பற்றாது. மச்சான் மாடிப்படியில் இறங்கும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறார். பார்த்தேன், அவ்வளவுதான். பார்ப்பதற்கு வழக்குப் போட முடியாது.

மற்றதெல்லாம் தையல்காரர் கொடுத்த புகாரில் இருக்கிறது. நீங்கள் வாசித்துக் காட்டித்தான் எனக்கே தெரியும். பயிற்சி கொடுக்கும் பெண் உடை ஒன்றை இறுக்கித் தர அவர் கடைக்கு வந்திருக்கிறாள். "ஏங்க, நல்லா வந்துட்டிருந்தீங்க, ஏன் வேண்டாம்னு சொல்லிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார். அப்புறம் வெல்டிங்காரரைக் கூப்பிட்டுப் படியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். போல்ட் உடையவில்லை, யாரோ கழற்றி எடுத்திருக்கிறார்கள் என்று வெல்டிங்காரர் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகும் தையல்காரர் என் வண்டியில் வந்தார். அதுதான் எனக்கு வருத்தம். தட்டில் உட்கார்ந்து மேலே போனார், என்னிடம் ஜோக் அடித்தார், என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். கடையடைத்ததும் அந்தப் பெண் வருவாளாம். துணி போட்டுப் பார்க்கும் திரைக்குப் பின்னால், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, நிற்கப் பழகினாராம். எத்தனை வாரம். எதிரே கொட்டகையில் நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மனிதனை இப்படி ஏமாற்றலாமா? நான் அவரிடம் எதையும் மறைத்ததில்லை, அந்த இரண்டு மூன்று விஷயங்களைத் தவிர.

கையெழுத்துப் போடுகிறேன். படிக்க வேண்டியதில்லை, நீங்கள் ஒழுங்காகத்தான் எழுதியிருப்பீர்கள். போல்ட்டைக் கழற்றியது நான். பயிற்சிக்குப் போகவிடாமல் செய்தது நான். இரண்டையும் தெரிந்தேதான் செய்தேன்.

நீங்கள் சன்னல் பக்கம் பார்க்கச் சொன்னபோது பார்த்தேன். தையல்காரர் என்னை அடையாளம் காட்ட வந்திருக்கிறார். உங்கள் அலுவலகம் மாடியில் இருக்கிறது. கீழே சாய்தளம் இல்லை, மேலே வர லிஃப்ட் இல்லை. அவர் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, யார் கையையும் தொடாமல் ஏறி வந்தார். சட்டை முழுக்க வேர்வை. பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாசலிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருப்பேன், இத்தனை படி ஏற விட்டிருக்க மாட்டேன்.