திருப்பிக் கொடுக்கும் வினை

காலையில் எழுந்ததும் முதலில் அடுப்புச் சாம்பலை அள்ளுவேன். வாளியில் கொண்டுபோய் வாசல்படியில் தூவுவேன். பனியில் கால் வழுக்காது. பிறகு நிலக்கரி. பிறகு தேநீர், பால் ஊற்றி, கொஞ்சம் உப்புப் போட்டு. கிண்ணங்கள் இரண்டை எடுப்பேன், ஒன்றைத் திரும்ப வைப்பேன். கதவருகே ஆணியில் ஒரு கம்பளிக் கோட்டு தொங்கும். அது என்னுடையது அல்ல. பக்கத்து ஆணியில் இருக்கும் என்னுடையதைப் போட்டுக்கொண்டு வெளியே போவேன்.

நேற்றும் அப்படித்தான். நேற்று மட்டும் இரண்டு கோட்டுகளையும் எடுத்துக்கொண்டேன்.

என் பெயர் எர்மெக். நரின் ஊரில் ஆங்கிலம் கற்றுத் தருகிறேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். என் மனைவி சைகால் சாகும்போது என்னிடம் ஒரு வேலையை விட்டுப் போனாள். கெனெஷுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். நீங்கள் அதை என் வாக்குமூலத்தில் 'பழிவாங்கினார்' என்று தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் பேசுகிறேன்.

நம் மொழியில் இதற்கெல்லாம் ஒரே சொல், கய்தார். மலையேறிவிட்ட ஆடுகளைத் திருப்புவது கய்தார். பக்கத்து வீட்டில் வாங்கிய சட்டியைத் திருப்புவதும் அதுவே. கன்னத்தில் வாங்கிய அறையைத் திருப்புவதும் அதுவே. ஆங்கிலத்தில் அப்படி முடியாது. பிடிக்காத செருப்பைக் கடையில் கொடுத்து விலையை வாங்கினால் ரீஃபண்ட். முதலாளியின் வேலைக்கு நம் கையிலிருந்து போனதை அவர் தந்தால் ரீஇம்பர்ஸ். போனது வரவே வராது என்னும்போது அதன் இடத்தில் வேறொன்றைத் தந்தால் காம்பென்சேட். ரீபே என்பதைக் கடனுக்கும் சொல்லலாம், நன்றிக்கும் சொல்லலாம். பே பேக் என்றால் சொல்பவன் முகத்தைப் பார்க்க வேண்டும்; கடனாகவும் இருக்கலாம், கத்தியாகவும் இருக்கலாம். மாணவர்கள் அதிகம் குழம்புவது கடைசி இரண்டில். ரிவெஞ்ச், தனக்கு நேர்ந்ததற்காக, ஆத்திரத்தில். அவெஞ்ச், இன்னொருவருக்காக, நியாயத்தோடு. நான் செய்தது இரண்டாவது.

சைகால் இந்தப் பாடத்தைக் கேலி செய்வாள். அவள் ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"உங்க இங்கிலீஷ்காரன் கடன் வாங்குறதுக்கு முன்னாடி அகராதியத் தேடுவான் போல. நமக்கு ஒத்தச் சொல்லு. அதுலயே எல்லாம் புரியுதில்ல?"

புரியாது என்று அவளிடம் வாதாடியிருக்கிறேன்.

குளிர்காலத் தொடக்கத்தில், பள்ளிக்கு நடந்து போகும்போது, பாலத்தின் முனையில் கெனெஷின் பால் வண்டி அவளை இடித்துக் கீழே தள்ளி ஏறியது. சாலை முழுக்கப் பனிக்கட்டி. பிரேக் பிடித்திருக்கிறான், வண்டி நிற்கவில்லை. உங்கள் ஆட்களும் அப்படித்தான் எழுதினார்கள். அவன் ஓடவில்லை. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தி, பக்கத்திலேயே இருந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் உதடுகள் நீலமாக இருந்தன. எதையும் நான் மறைக்கவில்லை.

அவளைக் கோட்டோடு தூக்கி ஆம்புலன்ஸில் வைத்தார்கள். நானும் ஒரு செவிலியும் ஏறினோம். கதவை மூடுவதற்கு முன் சைகால் என் சட்டைக் கையைப் பிடித்தாள். திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். கய்தார், அதே சொல். பிறகு பேசவில்லை. மாலைக்குள் இறந்துவிட்டாள். கோட்டை ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார்கள்.

நாற்பதாம் நாள் படையலுக்குக் கெனெஷின் வீட்டார் ஒரு பெட்டைக் குதிரையோடு வந்தார்கள், உயிருக்கு ஈடாக. அவனுடைய பெரியப்பா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தம்பி, போன உசுரக் கொண்டாந்து நிறுத்த எங்களால முடியாது. இந்தக் குதிரைய ஏத்துக்க. பயல மன்னிச்சிரு."

என் மாமியார் அழுதுகொண்டே தலையசைத்தாள். நானும் அசைத்தேன். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கறி சாப்பிட்டோம். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் ஊரில் பொருள். ஆனால் அது காம்பென்சேட். சைகால் கேட்டது அதை அல்ல.

அதன்பின் கெனெஷ் அடிக்கடி வந்தான். யாரும் சொல்லாமலே நிலக்கரி இறக்கினான், விறகு பிளந்தான். தன் கோட்டு ஆணியில் தொங்குவதைப் பார்த்தான். கேட்கவில்லை. மெல்லிய ஜாக்கெட்டோடு அந்தக் குளிரை ஓட்டினான். ஒருநாள் வாசலிலேயே நின்று, வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல 'அகாய்' என்று அழைத்துக் கேட்டான்.

"அகாய், எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவீங்களா? இங்கிலாந்துல ஸ்ட்ராபெர்ரி பறிக்க ஆள் எடுக்குறாங்க. பேசத் தெரியலன்னா என்னையே பறிச்சு வெளிய போட்டுருவாங்க."

"தர்றேன். பதிலுக்கு நீ எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடு."

"நீங்களா? கிளட்ச்சுக்கு இலக்கணம் கேப்பீங்களே, அகாய்."

வாத்தியாராக அவன் என்னைவிடப் பொறுமைசாலி. வண்டி குலுங்கி நிற்கும்போதெல்லாம் சிரித்தான். "மெதுவா விடுங்க. இப்பத்தான் பொறந்த ஆட்டுக்குட்டியத் தரையில விடுற மாதிரி."

ஒரு வகுப்பில் இந்த வினைகளை நடத்தினேன். அவன் நெஞ்சில் கை வைத்து, "ஐ வில் பே யூ பேக், அகாய்," என்றான்.

"அப்படிச் சொல்லாத. மிரட்டுற மாதிரி ஆயிரும்."

"ஐயையோ. பண்ணைக்காரனுக்கு நன்றி சொல்லப் போய் ஒத வாங்கிட்டு வந்திருப்பேன்." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு நான் செய்யணும்னு நெனைக்கிறேனே, அதுக்கு எந்தச் சொல்லு?"

"அதுக்கு அங்கயும் சொல்லு கெடையாது," என்றேன்.

அவன் அதைத் தாளில் எழுதிக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். நல்ல மாணவன்.

நேற்றுக் காலை பாலத்துக்கு நான்தான் வண்டியை ஓட்டிப் போனேன். ரிவர்ஸ் பழக வேண்டும் என்றேன். நேராக வருகிறேனா என்று இறங்கிப் பார்க்கச் சொன்னேன். எங்கே நிற்க வேண்டும் என்றும் சொன்னேன். அது எந்த இடம் என்று அவனுக்குத் தெரியும். கொஞ்சம் தயங்கிவிட்டு அங்கேயே போய் நின்றான்.

"வாங்க, அகாய். வாங்க. இன்னும் வரலாம்." கண்ணாடியில் அவன் கையசைப்பது தெரிந்தது.

முதல் இடியில் பாலத்துக் கம்பியில் மோதி விழுந்தான். சக்கரம் ஏறவில்லை. சைகாலுக்கு இடுப்பும் தொடைகளும் நொறுங்கியிருந்தன. ஆகவே வண்டியை முன்னே எடுத்து, நேராக்கி, மறுபடி பின்னால் வந்தேன். அவன் ஊர்ந்து விலகப் பார்த்தான். அதற்கேற்ப ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. வண்டி ஒருமுறை தூக்கிப் போட்டது. பால் கேன்கள் உருண்டன. அந்தச் சத்தத்துக்கு இடையிலும் எலும்பு முறிவது கேட்டது, முழங்காலில் வைத்துச் சுள்ளியை ஒடிப்பதுபோல. கிளட்சை மெதுவாகத்தான் விட்டேன். வண்டி நின்றுபோகவில்லை.

இறங்கிப் போனேன். இடுப்புக்குக் கீழே அவன் உடல் வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. வாயில் ரத்தம். என்னைப் பார்த்ததும் ஆறுதல் சொல்ல முயன்றான்.

"பிரேக்கு நடுவுல, அகாய். என் தப்புதான். நான் சரியாச் சொல்லித் தரல."

நான் கம்பளிக் கோட்டை எடுத்துவந்து அவன்மேல் போர்த்திக் காதுவரை இழுத்துவிட்டேன். அவன் விரல்கள் ஒரு பொத்தானைத் தடவின. அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அவன் சைகாலுக்கு ஆம்புலன்ஸ் அழைத்தான், நான் அழைக்கவில்லை. அந்த ஓரிடம் மட்டும் சரியாகப் பொருந்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அசைவு நின்றபின் உங்களை அழைத்தேன். கெனெஷை நான் கொன்றேன். அதில் மறுப்பு ஏதும் இல்லை. காரணத்தை மட்டும் சரியாக எழுதுங்கள்: தனக்காக அல்ல, மனைவி கேட்டுக்கொண்டதற்காக.

செவிலியையும் விசாரித்ததாகச் சொல்கிறீர்கள். சைகால் சொன்னது ஒரு சொல் அல்ல, முழு வாக்கியம் என்கிறீர்கள். இருக்கலாம். இந்த வினை தனியாக நிற்காது. எதை என்று ஒன்று வேண்டும். நான் வினையை எடுத்துக்கொண்டேன். வகுப்பிலும் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

முழுவதையும் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். என் சட்டைக் கையைப் பிடித்தபடி, திறந்திருந்த கதவு வழியாக வெளியே பார்த்து, சைகால் சொன்னது இது:

"பாவம், அந்தத் தம்பி வெறும் சட்டையோட நிக்கிறான் பாருங்க. கோட்ட மறக்காம அவன்கிட்டத் திருப்பிக் குடுத்துருங்க."