துரை கொடுத்த முத்தம்

ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகும் ரயிலில், என் எதிரே இரண்டு தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் சொன்னார்: "நேத்து துரை எனக்கு முத்தம் குடுத்துட்டாரு அண்ணே."

"எந்தத் துரை?"

"புதுசா வந்த பிரெஞ்சுக்காரரு. பாரீஸ்ல அவங்க நாட்டுக் கோப்பைக்கு பைனல் ஆடுன கோல் காக்குற கோலியாம். இப்ப எங்களுக்குக் கால்பந்து பழக்குறாரு. நேத்து நான் அடிச்சது அவரு ரெண்டு காலுக்கு நடுவுல புகுந்துருச்சு. ஓடி வந்து ரெண்டு கன்னத்துலயும் குடுத்தாரு."

"ஒன் பொண்டாட்டி பாத்துச்சா?"

"லயத்து வீட்டுச் சனமே பாத்துச்சு."

"அந்தக் கோப்பைய ஜெயிச்சாரா?"

"இல்ல. அங்கயும் காலுக்கு நடுவுல விட்டுத்தான் தோத்தாராம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு."

"இன்னிக்கு ஆட்டத்துல கோல் போடுவியா?"

"நான்தான் போடணும். பந்து கெடச்சா மத்தவங்க எனக்கே தள்ளிடுவாங்களாம். வேற யாருக்கும் முத்தம் வேணாமாம்லா."